ஒரு கட்டில் காலியாக இருக்கட்டும்!

முதலில் ஒரு குட்டிப் பரீட்சை. காப்பி குடித்துக்கொண்டே பதில் சொல்லலாம். மார்க் கிடையாது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதற்கு இரண்டு வாசல். முன்வாசல் வழியாக வருகிறவர்கள் தேதி குறித்துக்கொண்டு வருகிறவர்கள். மூட்டு மாற்று, குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று டாக்டரிடம் நாள் கேட்டு, ஆபீசில் லீவு சொல்லி, பிளாஸ்க், தலையணை சகிதம் வந்து படுப்பவர்கள். பக்கவாட்டு வாசல் வழியாக வருகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர்கள். நெஞ்சுவலி, லாரி மோதல், மாடிப்படி சறுக்கல், பாம்புக்கடி.

கேள்வி இதுதான். இந்த இரண்டு கூட்டத்தில் எது நாளுக்கு நாள் அதிகமாக ஏறி இறங்கும்?

'இதென்ன கேள்வி? எமர்ஜென்சிதான். எமனுக்கு ஏதய்யா டைம் டேபிள்?' என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அமெரிக்காவில், பாஸ்டனில் யூஜீன் லிட்வாக் என்பவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது விடை தலைகீழாக வந்தது. எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். காத்திருப்பதைப் பற்றிய கட்டுரையில் வாசகரைக் கொஞ்சமாவது காக்க வைக்காவிட்டால் எப்படி?

டெலிபோன்காரர் போட்ட கணக்கு

காத்திருப்பதற்குக் கணக்கு உண்டு என்று முதலில் காட்டியவர் டாக்டர் அல்ல, டெலிபோன்காரர். ஏ.கே. எர்லாங் என்ற டென்மார்க்காரர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை. கம்பெனியின் கவலை சின்னது: எத்தனை லைன் போடுவது? அதிகம் போட்டால் காசு வீண். குறைத்துப் போட்டால் வாடிக்கையாளர் கையில் ரிசீவரை வைத்துக்கொண்டு திட்டுவார். எர்லாங் 1909-ல் இதைப் பற்றி முதல் கட்டுரை எழுதினார். 1917-ல் முழு சூத்திரமும் தயார். இன்று 'க்யூயிங் தியரி' என்று எம்.பி.ஏ. மாணவர்கள் விழுந்து விழுந்து படிக்கிறார்களே, அதன் பிள்ளையார் சுழி அதுதான்.

டெலிபோனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம்? 'ஹலோ' என்று காத்திருப்பவரும் 'அய்யோ' என்று காத்திருப்பவரும் கணக்குக்கு ஒன்றுதான். அடுத்த ஆள் எப்போது வருவார் என்று தெரியாது. வந்தால் எவ்வளவு நேரம் எடுப்பார் என்றும் தெரியாது. ஆனால் ஒரு மணிக்குச் சராசரியாக எத்தனை பேர் வருவார்கள், ஒருவருக்குச் சராசரியாக எத்தனை நிமிஷம் ஆகும் என்பது தெரியும். எர்லாங்குக்கு அது போதும்.

சராசரியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று நம் ஊர்க் கதையே இருக்கிறது. ஆற்றின் சராசரி ஆழத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு, குடும்பத்தோடு தண்ணீரில் இறங்கின கணக்குப்பிள்ளை கதை. ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் பல பேர் அந்தக் கணக்குப்பிள்ளையின் வாரிசுகள்.

ஒரு டாக்டர், ஒரு க்யூ

ஒரு டாக்டர். ஒரு நோயாளியைப் பார்க்கச் சராசரியாக 10 நிமிஷம். அப்படியானால் மணிக்கு 6 பேரைப் பார்க்கலாம். மணிக்கு 6 பேருக்குக் குறைவாக வந்தால் பிரச்னையே இல்லை என்று தோன்றுகிறதல்லவா? எர்லாங் வழியில் போட்டுப் பார்ப்போம். ஆட்கள் இஷ்டத்துக்கு வருகிறார்கள், சிகிச்சை நேரமும் இஷ்டத்துக்கு ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணிக்குச் சராசரி 3 பேர் வந்தால் டாக்டருக்குப் பாதி நேரம்தான் வேலை. அப்போதே ஒருவர் சராசரியாக 10 நிமிஷம் காத்திருக்கிறார். டாக்டரின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பினால் காத்திருப்பு 40 நிமிஷம். 90 சதவீதம் நிரம்பினால் 90 நிமிஷம். 95 சதவீதம் நிரம்பினால்? பிடியுங்கள், 190 நிமிஷம். மூன்று மணிக்கு மேல்!

கடைசி இரண்டு வரியை இன்னொரு தடவை பாருங்கள். 90-லிருந்து 95-க்குப் போக, மணிக்கு வருகிறவர்கள் 5.4-லிருந்து 5.7 ஆனால் போதும். அரை ஆள்கூடக் கூடவில்லை. காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். டாக்டர் சோம்பேறியாகிவிட்டாரா? இல்லை. முன்னைவிட அதிகம்தான் உழைக்கிறார். பாவம், அவர்தான் திட்டும் வாங்குகிறார்.

காரணம் எளிது. விடியற்காலை நாலு மணிக்கு டாக்டர் சும்மா இருந்த இருபது நிமிஷத்தை வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டுவைத்து, மாலை ஆறு மணிக்கு எடுக்க முடியாது. சும்மா போன நேரம் போனதுதான். ஆனால் சேர்ந்த க்யூ சேர்ந்ததுதான். அது அடுத்த மணிக்கும் கேரி ஃபார்வேர்ட் ஆகும்.

இங்கேதான் என்னைப் போன்ற பி.காம்.காரர்களுக்கு உதைக்கிறது. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் 'ஐடில் டைம்' என்று ஒரு பாடம். சும்மா நிற்கும் மெஷின் நஷ்டம், சும்மா இருக்கும் ஆள் நஷ்டம். பஞ்சாலைக்கு அது சரி. பஞ்சு மூட்டை காத்திருந்தால் கத்தாது. மூச்சுத் திணறலோடு வந்தவர் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிக் காத்திருக்க மாட்டார்.

சில வைத்தியங்களுக்குக் காசே வேண்டாம். இரண்டு டாக்டருக்கு இரண்டு தனித்தனி க்யூ வைத்தால், 90 சதவீத வேலைப்பளுவில் காத்திருப்பு 90 நிமிஷம் என்று பார்த்தோம். அதே இரண்டு டாக்டருக்கு முன்னால் ஒரே க்யூ வைத்து, 'யார் ஃப்ரீயோ அவரிடம் போங்கள்' என்றால்? சுமார் 43 நிமிஷம். புது டாக்டர் வேண்டாம், புது கட்டடம் வேண்டாம், ரிப்பன் வெட்டும் விழாவும் வேண்டாம். நடுவில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தால் போதும்.

'அப்படியானால் சுண்டு விரலில் வெட்டுக்காயத்தோடு வந்தவரும், ஹார்ட் அட்டாக்கும் ஒரே க்யூவா?' என்று கேட்கலாம். கூடாது. வந்த வரிசைப்படி பார்ப்பது சினிமா டிக்கெட்டுக்குத்தான் நியாயம். நெப்போலியனின் ராணுவ டாக்டர் லாரே என்பவர் போர்க்களத்திலேயே இதைச் செய்தார். ஜெனரலா சிப்பாயா என்று பார்க்காமல், யாருக்குக் காயம் மோசமோ அவருக்கு முதல் சிகிச்சை. பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த 'ட்ரையாஜ்' என்ற பெயரில் அது உலகமெல்லாம் பரவியது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2017-ல் வந்த விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்திலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது இந்தக் கணக்கில்தான். அடுத்த முறை 'நான் முதலில் வந்தேன், அவரை எப்படிக் கூப்பிடலாம்?' என்று நர்சிடம் சண்டைக்குப் போகுமுன் ஒரு விநாடி யோசியுங்கள். உங்களைக் காக்க வைக்கிறார்கள் என்றால் உங்களுக்கு ஆயுசு கெட்டி என்று அர்த்தம்.

நியூயார்க்கில் ஒரு சோதனை

காகிதத்தில் எல்லாம் சரி, நிஜ ஆஸ்பத்திரியில் எடுபடுமா?

எடுபட்டிருக்கிறது. நியூயார்க்கில் கொலம்பியா பிசினஸ் ஸ்கூல் பேராசிரியை லிண்டா கிரீன், சில டாக்டர்களுடன் சேர்ந்து ஒரு ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் இதைச் செய்து பார்த்து, 2006-ல் முடிவை வெளியிட்டார். அவர் கையில் எடுத்த அளவுகோல் முக்கியமானது. அதாவது, காத்துக் காத்துச் சலித்துப்போய், டாக்டரைப் பார்க்காமலே எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் எத்தனை பேர்?

இவர்கள்தான் எந்த ஆஸ்பத்திரிக் கணக்கிலும் சத்தமில்லாமல் காணாமல் போகிறவர்கள். பில் இல்லை, புகார் இல்லை. 'வாயுப் பிடிப்பாக இருக்கும், காலையில் பார்த்துக்கலாம்' என்று ஆட்டோ பிடித்துப் போனவருக்கு அது நிஜமாகவே வாயுப் பிடிப்பா என்று யாருக்கும் தெரியாது.

கிரீன் செய்தது பெரிய மந்திரம் இல்லை. எந்தக் கிழமை, எந்த மணியில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எடுத்து, எர்லாங் வழியில் வந்த சூத்திரத்தில் போட்டு, அதன்படி டாக்டர்களின் ஷிப்டை மாற்றினார்கள். ஒரு நுணுக்கம் உண்டு. ஆள் வந்து குவிகிற மணியும், நெரிசல் உச்சத்தில் இருக்கிற மணியும் ஒன்றல்ல. வந்தவர் கொஞ்ச நேரம் உள்ளேதானே இருக்கிறார்? அதனால் நெரிசல் பின்தங்கி வரும். கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்குக் கூட்டம் வருகிறது, தள்ளுமுள்ளு நடப்பதோ பந்தியில். அதே மாதிரி. டாக்டரை முகூர்த்தத்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பந்திக்கு முன்னால் அனுப்பிவிடக் கூடாது.

பலன்? நோயாளிகள் கூட்டம் 6.3 சதவீதம் கூடியிருந்தது. டாக்டர்களின் நேரத்தை வாரத்துக்குச் சராசரி 12 மணி, அதாவது 3.1 சதவீதம்தான் கூட்டினார்கள். பார்க்காமலே போகிறவர்களின் விகிதம் 22.9 சதவீதம் குறைந்தது. இதைவிட ருசியான சமாசாரம் ஒன்று. வாரத்தில் நான்கு நாட்கள் டாக்டர் நேரம் மொத்தத்தில் துளிக்கூடக் கூடவில்லை. மணியை மட்டும் இங்கிருந்து அங்கே மாற்றிப் போட்டார்கள். அந்த நாட்களிலும், கூட்டம் கூடியும், எழுந்து போகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தார்கள். செலவு? ஒரு பென்சில், ஒரு ரப்பர்.

அடைப்பு மாடியில் இருக்கிறது

இப்போது பரீட்சைக்கு விடை.

எமர்ஜென்சியில் டாக்டர் பார்த்துவிட்டார். 'அட்மிட் பண்ணுங்கள்' என்று எழுதியும் விட்டார். ஆனால் மேலே வார்டில் பெட் இல்லை. நோயாளி ஸ்ட்ரெச்சரிலேயே வராந்தாவில் கிடக்கிறார். அவர் இடத்தைக் காலி செய்யாததால் அடுத்தவர் உள்ளே வர முடியவில்லை.

1961-ல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் நிரூபித்த விதி ஒன்று இதை ஒரே பெருக்கலில் சொல்லிவிடுகிறது. மணிக்கு 6 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் 4 மணி நேரம் தங்குகிறார்கள் என்றால் எந்த நேரமும் உள்ளே சராசரியாக 24 பேர். அதே ஆட்கள் 6 மணி தங்கினால் 36 பேர். வாசலில் ஓர் ஆள்கூட அதிகம் வரவில்லை. உள்ளே திருவிழா. கீழே பாத்ரூமில் தண்ணீர் தேங்குகிறது. அடைப்பு மாடியில்.

மாடியில் பெட் ஏன் இல்லை? இங்கேதான் லிட்வாக் வருகிறார். சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கணக்கு நிபுணர். விபத்தும் நெஞ்சுவலியும், தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கு எப்போது என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒழுங்காகவே வருகின்றன. எமன் டைம் டேபிள் வைத்திருக்கிறான்! ஏறி இறங்குவது எது? தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன்கள். ஏனென்றால் அந்தத் தேதியைக் குறிப்பது இயற்கை அல்ல, மனுஷன். சர்ஜனுக்கு வார ஆரம்பத்தில் கத்தியை எடுத்தால் வசதி. சனி, ஞாயிறு நிம்மதி. இப்படி ஒவ்வொருவரும் தன் வசதிக்கு நாள் குறிக்க, ஒரு நாள் வார்டு வழிகிறது, இன்னொரு நாள் காற்று வாங்குகிறது. அந்த வழிகிற நாளில் லாரியில் அடிபட்டவருக்கு வராந்தா.

பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் 2003, 2004 வாக்கில் லிட்வாக் சொன்னபடி ஆபரேஷன்களை வாரம் முழுக்கச் சீராகப் பரப்பினார்கள். அவசர ஆபரேஷனுக்கென்று ஒரு தியேட்டரைத் தனியாக ஒதுக்கினார்கள். 'இன்றைக்கு உங்கள் ஆபரேஷன் இல்லை, நாளைக்கு வாங்க' என்று கடைசி நேரத்தில் திருப்பி அனுப்புவது விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோனது.

இதற்குக் கொஞ்சம் முன்பு, 2002-ல், மிசௌரி மாநிலத்தில் செயின்ட் ஜான்ஸ் என்ற ஆஸ்பத்திரியில் நடந்தது இன்னும் வேடிக்கை. 32 ஆபரேஷன் தியேட்டர். எல்லாம் நூறு சதவீதம் புக்கிங். அவசர கேஸ் வந்தால் யாரையாவது தள்ளிப் போட வேண்டும். சர்ஜன்கள் ராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். யோசனை கேட்டபோது வந்த பதில்: 'ஒரு தியேட்டரைக் காலியாக வையுங்கள்.'

'ஏம்ப்பா, இருக்கிறதே போதவில்லை, இதில் ஒன்றைக் காலியாக வைக்கவா?' என்றுதானே கேட்போம்? அங்கேயும் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் வைத்தார்கள். திடீர் கேஸ் எல்லாம் அந்த அறைக்குப் போக, மற்ற அறைகளில் போட்ட திட்டம் கலையாமல் ஓடியது. செய்ய முடிந்த ஆபரேஷன்கள் 5.1 சதவீதம் கூடின. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நடக்கும் ஆபரேஷன்கள் 45 சதவீதம் குறைந்தன. ஒரு அறையைக் கழித்தார்கள், வேலை கூடியது. இதை ஐந்தாம் வகுப்பு வாத்தியாரிடம் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றுவார்.

உத்தரவு போட்டால் க்யூ குறையுமா?

சரி, இந்தத் தியரி, கணக்கு எல்லாம் எதற்கு? 'நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும்' என்று கடுமையாக ஒரு உத்தரவு போட்டால் ஆயிற்று என்று அதிகாரிகள் நினைப்பார்கள். இங்கிலாந்து போட்டது. எமர்ஜென்சிக்கு வந்தவரில் 98 சதவீதம் பேரை நான்கு மணிக்குள் பார்த்து, அனுப்பவோ அட்மிட் செய்யவோ வேண்டும் என்று 2004-ல் விதி. முதலில் நல்ல பலன்தான், காத்திருப்பு நிஜமாகவே குறைந்தது. ஆனால் புள்ளிவிவரத்தை உற்றுப் பார்த்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். நோயாளிகளில் ஏகப்பட்ட பேர் சொல்லிவைத்தாற்போல நான்கு மணிக்குச் சற்று முன்னால், கடைசி இருபது நிமிஷத்தில் 'முடிந்து' போனார்கள். மார்ச் 31 இரவு பட்ஜெட்டைச் செலவழித்து முடிக்கும் ஆபீஸ் மாதிரி!

2010-ல் இலக்கை 95 சதவீதமாகத் தளர்த்தினார்கள். 2015 ஜூலைக்குப் பிறகு அதைக்கூட இங்கிலாந்து தொட முடியவில்லை. உத்தரவால் பெட் முளைக்காது. சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் பெட் நிரம்பினாலே ஆபத்து தலைகாட்டும், 90 தாண்டினால் அடிக்கடி பெட் தட்டுப்பாடு வரும் என்று அந்த நாட்டிலேயே 1999-ல் ஆராய்ச்சி செய்து சொல்லியிருந்தார்கள். கணக்குப் பாடம் கையில் இருந்தது. படிக்க நேரமில்லை.

இது வெறும் சலிப்பு, எரிச்சல் சமாசாரம் என்றால் இத்தனை பக்கம் எழுத வேண்டாம். இங்கிலாந்தில் லட்சக்கணக்கான அட்மிஷன்களை ஆராய்ந்து 2022-ல் ஒரு முடிவு வெளியானது. வந்த நேரத்திலிருந்து 6 முதல் 8 மணி நேரம் தாண்டியும் வார்டில் பெட் கிடைக்காமல் காத்திருந்தவர்களில், 82 பேருக்கு ஒருவர் வீதம், 30 நாட்களுக்குள், கூடுதலாக இறந்திருக்கிறார்கள். நோயால் எப்படியும் இறந்திருக்கக்கூடியவர்களைக் கழித்த பிறகு வரும் கணக்கு இது. அந்த 82-ல் ஒருவர், கொலை என்று யாரும் சொல்லாத ஒரு மரணம். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. ஆயுதம் க்யூ.

'மனுஷ உயிரைப் போய்க் கணக்கில் அடைக்கலாமா?' என்று சில பேர் வருத்தப்படுவார்கள். கணக்குப் போடாவிட்டாலும் யாரோ ஒருவர் முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறார். யார் சத்தமாகக் கத்துகிறாரோ, யாருக்கு உள்ளே ஆள் தெரியுமோ, எந்த சர்ஜனுக்கு எந்தக் கிழமை வசதியோ, அவர்களெல்லாம் போடும் கணக்கு அது. எர்லாங்கின் கணக்குக்குச் சிபாரிசுக் கடிதம் படிக்கத் தெரியாது. அதுதான் அதன் அழகு.

கணக்கால் எல்லாம் ஆகாது என்பதும் நிஜம். மணிக்கு 6 பேரைத்தான் பார்க்க முடியும், 8 பேர் வருகிறார்கள் என்றால் எந்தச் சூத்திரமும் கைகொடுக்காது. டாக்டரைத்தான் கூட்ட வேண்டும். ஆனால் எத்தனை பேர், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் சொல்லக் கணக்கு வேண்டும்.

தீயணைப்பு நிலையத்தில் மத்தியானம் வீரர்கள் கேரம் விளையாடுகிறார்கள். 'வண்டியில் 95 சதவீதம் உபயோகம் இல்லையே' என்று எந்த ஆடிட்டரும் குறிப்பு எழுதுவதில்லை. ஊரில் எங்கேயும் தீ இல்லை என்று சந்தோஷப்படுகிறோம். ஆஸ்பத்திரியில் மட்டும் காலியாக ஒரு கட்டிலைப் பார்த்தால் கை பரபரக்கிறது. விரிப்பு கசங்காமல் கிடக்கும் அந்தக் கட்டில் சும்மா இல்லை, சார். யாரோ ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. கட்டில் காத்திருந்தால் மனுஷன் காத்திருக்க வேண்டாம்.